கடலில் மூன்று கட்டில்

மண்டபம்
27 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய மங்கை அக்காவுக்கு,

இதைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கடற்பாசியை எப்படிக் கட்டுவது என்று எழுதியிருக்கும் இடம் வரையிலாவது படித்துவிட்டுக் கிழியுங்கள். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பதினோரு நாள். வேறு வழியில்லாமல், பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதன்முறையாகப் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறேன். விதைப்பாசிப் பெட்டிகளோடு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அந்த போட்டோவுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பத்து நாள் பயிற்சியில் எவ்வளவோ படம் எடுத்தேன். நீங்கள் மூங்கில் மிதவையிலிருந்து மல்லாக்க விழும் படத்தைப் போய் வாட்ஸ்அப் குழுவில் போட்டது தப்பு. “நம் குழுத் தலைவி கடலில் இறங்கிவிட்டார்” என்று கீழே எழுதியது அதைவிடத் தப்பு. எல்லோரையும் ஊக்கப்படுத்துவதாக நினைத்துக்கொண்டேன்.

என்னை இங்கே விதைப் பண்ணையில் ஆறு மாதம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே முதல் பயிரை நீங்கள் பத்துப் பேரும் நான் இல்லாமல்தான் எடுக்க வேண்டும். பயிற்சியில் செய்தது போலவே ஒரு கைப்பிடிப் பாசியாகக் கயிற்றில் கட்டுங்கள். மிதவைக்குக் கீழே அடிவலையைக் கட்ட மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் மீன் வந்து பாசியைத் தின்றுவிடும். நாற்பத்தைந்தாம் நாள் அறுவடை.

உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்கு உள்பக்கம் இருக்கும் அந்த இடத்தை ஊர் நிர்வாகம் உங்களுக்குப் பங்குனி முதல் ஞாயிறு வரைதான் விட்டிருக்கிறது. அதற்குள் விளைச்சலைக் காட்டாவிட்டால் ஆண்கள் வலை போட எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய நாள், மார்ச் 15, என் மேலதிகாரி தாமோதரன் சார் வந்து பார்ப்பார். இந்தக் குழு தேறினால்தான் உங்கள் கரையில் அடுத்த பயிற்சி. தேறாவிட்டால் நான் வண்ணாரப்பேட்டையில் அப்பாவின் பாத்திரக் கடையில் இட்லிக் கொப்பரை எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பேன்.

பிளாக்கை எடுத்துவிடுங்கள், அக்கா.

சுஜா


திருவொற்றியூர் குப்பம்
31 ஜனவரி 2025

சுஜா டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று பத்தாவதில் படித்திருக்கிறேன். வேண்டுமென்றேதான் விசாரிக்கவில்லை.

பெட்டிகள் வந்தன. பாசி நன்றாக இருந்தது. 29-ம் தேதி தை அமாவாசையன்று மூன்று மிதவையையும் இறக்கினோம். புதுப் படகுக்குச் செய்வதுபோல மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்தோம். உங்கள் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், பூசணிக்காய் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த தடவை அச்சடிக்கும்போது சேர்த்துவிடுங்கள்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். கடலில் விழுவது எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தக் குழுவில் என் நாத்தனாரும் இருக்கிறாள். அவள் அதை என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு அனுப்பினாள். அந்த மனிதர் அதை எடுத்து என் நம்பருக்கு நேரே வைத்துவிட்டார். இப்போது நான் அவருக்குப் போன் போடும்போதெல்லாம் அவர் போனில் நான் விழுகிறேன். ஏலம் போடும் இடத்தில், டீக்கடையில், படகில், எங்கே போன் அடித்தாலும் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் பத்து நாளாக அவருக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டேன். அவருக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

மிதவை இறக்கிய அன்று அந்த மனிதர் கரையில் நின்றுகொண்டு சொன்னது இது: “இன்னாம்மே, பத்து பொம்பளைங்க சேந்து கட்டில் செஞ்சு கடல்ல வுட்டுகீறீங்க. தலகாணி எங்க கீது?” அன்றிலிருந்து குப்பத்தில் மிதவைக்குப் பெயர் கட்டில். நிர்வாகத்தின் நோட்டுப் புத்தகத்தில்கூட “பெண்கள் கட்டில் மூன்று” என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

பிளாக்கை எடுக்க மாட்டேன். பதில் போடவும் வேண்டாம். போடுவதாக இருந்தால் கூரியரில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடலில் இறங்கிய குழுத் தலைவி


மண்டபம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள மங்கை அக்கா,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். இது பதில் இல்லை, அலுவலகக் கடிதம்.

தாமோதரன் சார் வாராவாரம் எண் கேட்கிறார். அவருக்கு விளக்கமெல்லாம் வேண்டாம், எண் இருந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு மிதவையிலும் எத்தனை கிலோ வந்திருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டிய அவசியமில்லை. திட்டுவதாக இருந்தால் தனித் தாளில் திட்டுங்கள், அதை நான் பைலில் வைக்க மாட்டேன்.

நேற்று அப்பா போன் செய்தார். தேவப்பிரியம் ஸ்டோர்ஸ் முதலாளியின் மகள் வேட்டியை மடித்துக் கட்டிய மீனவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பதை யாரோ சொந்தக்காரர் பார்த்துவிட்டாராம். “பாசி படிக்கியதுக்கா மக்ளே இத்தன வருசம்? நம்ம ஊரு கொளத்துல சும்மா கெடக்கே” என்கிறார். குளத்தில் கிடப்பது வேறு, ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போவது வேறு என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செரி, எப்ப கடைக்கு வார?” என்றார்.

உங்கள் மூன்று மிதவையைத்தான் நம்பியிருக்கிறேன்.

சுஜா


திருவொற்றியூர் குப்பம்
17 பிப்ரவரி 2025

சுஜா டீச்சருக்கு,

எண் கேட்டாய். ஒருமையில் எழுதுகிறேன், என் மகள் வயதுதானே. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

முதல் கட்டில் இருபத்திரண்டு கிலோ. இரண்டாவது கட்டில் பதினெட்டு கிலோ. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை. அது எல்சியின் பொறுப்பு. அவள் மகள் பிரசவத்துக்குப் புழலுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. போவதற்கு முன்னால் நம் குழுவில் இருக்கும் பவானியோடு பெரிய சண்டை. “என் கட்டில்ல எவளாவது கைய வெச்சீங்க, நான் மனுசியாவே இருக்க மாட்டேன்” என்று சொல்லி, அடிவலையை நாற்பது முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த முடிச்சை அவிழ்க்க அவளே வந்தால்தான் உண்டு.

மற்றபடி எல்லாம் அமோகமாக இருக்கிறது. விடியற்காலையில் எடுத்தால் எட்டு மணிக்குள் காசிமேட்டில் தீர்ந்துவிடுகிறது. எங்களுக்குக் குழம்புக்கும் மிச்சம் இருக்கிறது. முன்பு தலையணை கேட்ட ஆண்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை.

பாசிதான் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் நாலு பெட்டி அனுப்பு.

மங்கை


மண்டபம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மங்கை அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பண்ணையில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இருபது நாளில் நாற்பது கிலோ. தாமோதரன் சாரிடம் உடனே சொன்னேன். அவர் அதைத் திரையில் பெரிய எழுத்தில் போட்டு, மேலிடத்துக் கூட்டத்தில் காட்டிவிட்டார். “வடசென்னை மாதிரி” என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இதுவே முதல் தடவை.

பெட்டிகளை நாளை அனுப்பலாம் என்று இருந்தேன். பிறகு, ராத்திரி படுத்த பிறகு, சில சந்தேகங்கள் வந்தன. அறுவடைக்கு இன்னும் மூன்றரை வாரம் இருக்கிறதே, நீங்கள் எதை எடுத்தீர்கள்? பாசியை வாங்க காசிமேட்டில் யார் இருக்கிறார்கள்? அந்தப் பாசியை அங்கே ஒருவரும் சீந்தமாட்டார்களே. வளர்ந்தது என்றால் பாசி ஏன் குறைகிறது? குழம்பு என்று எழுதியிருந்தீர்கள். பாசியிலா குழம்பு வைத்தீர்கள்?

தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள். அதுவரை பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சுஜா


திருவொற்றியூர் குப்பம்
23 பிப்ரவரி 2025

சுஜாவுக்கு,

பாசியை யாராவது குழம்பு வைப்பார்களா? ஓரா மீன்.

நீ நிறையப் படித்தவள், இதை நான் சொல்லித் தெரிய வேண்டுமா என்று எழுதாமல் விட்டேன். பாசியை இறக்கிய மூன்றாம் நாளே ஓரா கூட்டம் கூட்டமாக வந்து அடிவலையை முட்டிக்கொண்டு நின்றது. பவானி அதைப் பார்த்துவிட்டு, “பாவம்கா, பசியோட வந்துகினு கீது. உள்ள வுட்டா இன்னா கொறஞ்சிடும்?” என்றாள். எங்களுக்கும் சரியென்று பட்டது. அடிவலையை அவிழ்த்துவிட்டோம். மீன் உள்ளே வந்து மேய ஆரம்பித்ததும் சுற்றி வலையைப் போட்டு வளைத்தோம். முதல் நாளே ஏழு கிலோ.

முள் குத்தினால் சுரம் வரும் மீன்தான். ஆனாலும் ருசியில் அதை அடித்துக்கொள்ள வேறு மீன் இல்லை. இந்தக் கரையில் எவ்வளவோ இரை போட்டுப் பார்த்திருக்கிறோம், உன் பாசி மாதிரி ஒன்று பார்த்ததில்லை. உன் ஆபீஸுக்கு எங்கள் குழு சார்பில் நன்றி சொல்லிவிடு. பெட்டி எப்போது வரும்?

மங்கை


மண்டபம்
25 பிப்ரவரி 2025

மங்கை அக்காவுக்கு,

பெட்டி வராது.

பத்து நாள் பயிற்சியில் நான் எதற்குத் தொண்டை கிழியக் கத்தினேன்? அடிவலை எதற்கு என்று கேட்டபோது நீங்கள்தானே முதல் ஆளாகக் கை தூக்கி, “மீன் வராம இருக்க” என்று சொன்னீர்கள். நான் கைதட்டி ஒரு பேனா பரிசு கொடுத்தேன். அந்தப் பேனாவால்தான் “நாற்பது கிலோ” என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண் இப்போது ஏழு அலுவலகங்களில் இருக்கிறது. இன்னும் பதினெட்டு நாளில் தாமோதரன் சார் உங்கள் கரைக்கு வந்து “வடசென்னை மாதிரி எங்கே?” என்று கேட்பார். நீங்கள் இரண்டு வெறும் மூங்கில் சட்டத்தைக் காட்டுவீர்கள். நான் அனுப்பியது பயிர், அக்கா. மீனுக்கு விருந்து இல்லை. ஒரு படத்தைப் போட்டதற்காக ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். நான் இப்போது எத்தனை மாதம் பேசாமல் இருக்கலாம்?

ஓரா என் பாசியை மட்டும் தின்னவில்லை, என் வேலையையும் சேர்த்துத் தின்றுவிட்டது. நீங்கள் அதற்குக் குழம்பும் வைத்துவிட்டீர்கள்.

எஸ். சுஜா
கள அலுவலர்


திருவொற்றியூர் குப்பம்
2 மார்ச் 2025

சுஜா கண்ணு,

உன் கடிதத்தைக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பவானி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவளுக்குத் தெரியாமல் அழுதேன்.

தப்பு எங்களுடையதுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏன் செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதே.

எங்கள் கரையில் யார் கடலில் இருந்து ஏறினாலும் நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பாடு எப்டி?” என்பதுதான். என்ன மீன் பட்டது, எவ்வளவு பட்டது என்று அர்த்தம். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கரையில் நின்று நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். என்னை ஒருவரும் கேட்டதில்லை. கூடை தூக்கி மீன் விற்கிறவளை யார் கேட்பார்கள்? கட்டில் இறக்கிய மறுநாள், இடுப்பு வரை நனைந்து கரையேறுகிறேன். என் வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, “பாடு எப்டிமே?” என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். இருந்தாலும் கேட்டார்.

நான், “நாப்பத்தஞ்சு நாள் ஆவும்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரனும் எழுந்து வந்துவிட்டான். “நாப்பத்தஞ்சு நாளா? அதுக்குள்ள நான் அந்தமான் போய்ட்டு வந்துருவேன்மே” என்றார். மறுநாளும் கேட்டார்கள். அதற்கு மறுநாளும் கேட்டார்கள். கடலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவது ஒரு நாள் இரண்டு நாள் சகஜம். நாற்பத்தைந்து நாள் வெறுங்கையோடு கரையேறுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது, கண்ணு. நாலாம் நாள் பவானி வலையை அவிழ்த்தபோது நான்தான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அன்று கரையில் கேட்டவனுக்கு “ஏழு கிலோ” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன். அந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. எல்சி பேத்தியோடு வந்து சேர்ந்தாள். அவள் கட்டிலைப் பார்க்கப் போனோம். அவள் போட்ட நாற்பது முடிச்சும் அப்படியே இருக்கிறது. உள்ளே பாசி மண்டிக் கிடக்கிறது. கயிறு தெரியவில்லை. யாரும் தொடாததால் பிழைத்தது. எல்சி அதைப் பார்த்துவிட்டு இப்போது நடக்கிற நடை, என் நடையைவிட மோசம்.

அதிலிருந்து நுனிகளை நறுக்கி மற்ற இரண்டு கட்டிலிலும் நேற்று கட்டிவிட்டோம். அடிவலைக்கு முடிச்சுப் போடும் வேலையை எல்சியிடமே கொடுத்துவிட்டோம். அந்த இரண்டும் 15-ம் தேதிக்குள் முழுசாக வளராது. மூன்றாவதை வைத்துக்கொண்டுதான் உன் சாரையும் எங்கள் நிர்வாகத்தையும் சமாளிக்க வேண்டும். ஓரா வரத்து நின்றுபோனதால் வீட்டில் முணுமுணுப்பு. எனக்கு ரசம் வைக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது.

மங்கை அக்கா


மண்டபம்
6 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

போன் செய்யவில்லை. இரண்டு தடவை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

கையேட்டில் “நாற்பத்தைந்து நாட்கள் காத்திருக்கவும்” என்று எழுத எனக்கு ஒரே வரிதான் ஆயிற்று. எழுதியவள் பாத்திரக் கடைக்காரர் மகள். எங்கள் கடையில் ஒரு குத்துவிளக்கு விற்காமல் மூன்று வருடம் இருக்கும், அப்பா அதைத் தினம் துடைத்து வைப்பார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதனால் காத்திருப்பது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. கரையில் நிற்பவர்களுக்குத் தினம் என்ன சொல்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அது என் தப்பு.

இனிமேல் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கயிறு பாசியை மட்டும் தினமும் தூக்கி எடை போடுங்கள். கேட்கிறவர்களுக்கு அந்த எடையைச் சொல்லுங்கள். நேற்றைவிட இன்று கொஞ்சமாவது கூடியிருக்கும்.

தாமோதரன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த நாற்பது கிலோ பாசி இல்லை, மீன் என்றேன். “எல்லாருக்கும் காட்டிட்டேனேம்மா” என்றார். “சரி, வந்து பார்க்கிறேன்” என்று வைத்துவிட்டார். எனக்கு லீவு கொடுக்கவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறாராம்.

பயமாக இருக்கிறது அக்கா.

சுஜா


திருவொற்றியூர் குப்பம்
17 மார்ச் 2025

சுஜா கண்ணு,

நலமா? நாங்கள் நலம். இந்தத் தடவை விசாரித்துவிட்டேன்.

ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல் உன் அப்பாவிடம்.

சனிக்கிழமை உன் சார் வந்தார். ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று மணலில் சிறிது நேரம் அடம் பிடித்தார், பிறகு கழற்றினார். எல்சியின் கட்டிலைக் கரைக்கு இழுக்கப் பத்துப் பேரும் கயிற்றைப் பிடித்தோம். அசையவில்லை. எங்கள் ஆண்கள் பீடியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல், “தள்ளுமே” என்று வந்து கயிற்றைப் பிடித்தார். பின்னாலேயே நாலு பேர் வந்தார்கள். இழுத்து முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “இன்னாமே இது, புல்லுன்னு பாத்தா இவ்ளோ கனமா கீது” என்றார்.

எடை போட்டோம். நூற்றெண்பத்திரண்டு கிலோ. நுனியெல்லாம் நறுக்கி எடுத்த பிறகும் அவ்வளவு. உன் சார் இரண்டு தடவை எடை போடச் சொன்னார். இரண்டு தடவையும் அதேதான். அந்த நேரம் பார்த்து ஒரு படகு கரையேறியது. அதில் வந்தவன் வழக்கம்போல, “பாடு எப்டி?” என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், “நூத்தி எம்பத்திரண்டு” என்று கத்தினார். நாற்பத்தைந்து நாள் தண்ணீரில் நின்றது நான். சொன்னது அவர். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

உன் சாருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே, “அந்த நாற்பது கிலோ எங்கேம்மா போச்சு?” என்று கேட்டார். “கொஞ்சம் உங்க தட்டுல கீது சார்” என்றேன். மனிதர் இன்னொரு துண்டு கேட்டார். உப்புப் போட்டுக் காய வைத்திருந்த கடைசி ஓரா அது. போகும்போது, குழு தேறிவிட்டது, அடுத்த பயிற்சியும் இங்கேதான், சுஜா மேடத்தை ஏப்ரலில் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டம். இடத்தை ஒரு வருஷத்துக்கு எங்களுக்கே விடுவதாகச் சொன்னார்கள். பத்துப் பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு கட்டிலை மட்டும் அடிவலை இல்லாமல் ஆண்களுக்கு விட வேண்டுமாம். ஓராவுக்காகத்தான். அதைக் கேட்டது யார் என்கிறாய், என் வீட்டுக்காரர். தலையணை கேட்ட அதே வாய்.

நான் எழுந்து, கட்டில் வேண்டும் என்றால் சொந்தமாகக் கட்டிக்கொள்ளுங்கள், அதற்குப் பத்து நாள் பயிற்சி இருக்கிறது, காலை பத்து மணிக்கு வந்து தரையில் உட்கார வேண்டும், டீச்சர் கேள்வி கேட்டால் கை தூக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு நிபந்தனையை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிறவர்கள் எல்லாம் சும்மாதான் இருக்கப் போகிறார்கள். பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். முதல் பெயரைப் பார்த்துக்கொள்.

பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் மெதுவாக, “அந்த டீச்சர் போட்டோ கீட்டோ எடுக்குமா?” என்று கேட்டார். எடுக்கவே எடுக்காது என்று உன் சார்பில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நீ எடுக்க வேண்டாம்.

நான் விழுகிற படம் இன்னும் அவர் போனில் அப்படியேதான் இருக்கிறது. எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. முதல் நாளே அவரை மிதவையின் ஓரமாக நிற்க வை. என் போனில் அவர் நம்பருக்கு நேரே இன்னும் ஒரு படமும் வைக்கவில்லை.

மங்கை அக்கா